ஒரே பிரதியை நம்பலாமா?

2009இல் ஓமந்தையைக் கடந்து வந்த குடும்பங்கள் பல, காணி உறுதிகளை வழியிலேயே இழந்தன. ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் இதுவே கதி.

இன்று எமது சங்கக் கணக்குகளும் உறுதிகளின் படங்களும் கணினியில் உள்ளன. அவற்றின் பிரதியை 'கிளவுட்' எனும் முகில் சேவையிடம் ஒப்படைக்கலாம். முகில் என்பது தூரத்தில் வேறொருவர் பராமரிக்கும் கணினிகளே. எமது கணினி வெள்ளத்தில் அழிந்தாலும், கடவுச்சொல்லைக் கொடுத்து வேறொரு கணினியில் எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம். உறுதியின் படம் உறுதியாகாது. ஆனால் அதிலுள்ள இலக்கமும் திகதியும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் சான்றுப் பிரதி கேட்பது இலகு.

எனினும், ஒப்படைத்ததோடு பொறுப்புத் தீராது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் முகில் சேவை தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அக்காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை.

ஆகவே மூன்று பிரதிகள் வைப்போம்: கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, முகிலில் ஒன்று. கடவுச்சொல் தலைவர், செயலாளர் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்ப்போம். விதைநெல்லை முளைக்க வைத்துப் பார்த்த பின்தானே நாம் விதைக்கிறோம்!