“அஞ்சு ரூபா காசு அஞ்சு லட்சம் போகுமா?” - நாணயக் கண்காட்சியில் ‘கண்டக்டர் அண்ண’னின் ஒரு நாள்!

ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணி. திருச்சியில் ஒரு கல்யாண மண்டபம். பந்திக்குப் போடும் நீள மேஜைகளை வரிசையாகப் போட்டு, மேலே சிவப்பு வெல்வெட் துணி விரித்திருக்கிறார்கள். அதன்மேல் இலைக்குப் பதிலாகக் காசுகள். சங்ககாலச் செப்புக்காசு முதல் போன வருடம் வந்த நினைவு நாணயம் வரை வரிசைகட்டி நிற்கின்றன.

கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைகிறார் 63 வயதுக்காரர் ஒருவர். அரசுப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இந்த வட்டாரத்தில் காசு சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் அவர் ‘கண்டக்டர் அண்ணன்’. தோளில் தொங்கும் பைக்குள் நான்கே பொருள்கள்தான் இருக்கின்றன. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ், பாக்கெட் தராசு, ஒரு காந்தத் துண்டு, ஓரம் கிழிந்த லாங் சைஸ் நோட்டு.

சில்லறைப் பையில் தொடங்கியது

“எனக்கு இந்தக் கிறுக்கைப் புடிச்சுவிட்டதே டிக்கெட் பைதான்” என்று சிரிக்கிறார் அண்ணன். டிரிப் முடிந்து கணக்கு ஒப்படைக்கும் முன் சில்லறையை எண்ணுவார். ஒரே வருடம் போட்ட இரண்டு நாலணாக்களில் ஒன்றில் வருடத்துக்குக் கீழே சின்ன நட்சத்திரம் இருந்தது. இன்னொன்றில் எதுவும் இல்லை. ஏன் என்று டிப்போவில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் அவரைக் கண்காட்சிவரை கூட்டிவந்தது. பிடித்த காசு கண்ணில் பட்டால், அதே மதிப்புக்குத் தன் பாக்கெட்டிலிருந்து காசு போட்டுவிட்டுத்தான் எடுப்பார். “அரசாங்கப் பணம்ல? கணக்கு இடிக்கக் கூடாது.”

அந்த நட்சத்திரத்தின் ரகசியம் எளிமையானது. இப்போதே உங்கள் பர்ஸில் இருக்கும் ஒரு காசை எடுத்து, அதில் வருடம் போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே பாருங்கள். நட்சத்திரம் இருந்தால் அது ஹைதராபாத் நாணயச் சாலையில் அச்சானது. வைர வடிவம் என்றால் மும்பை. வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே மதிப்பு, ஒரே வருடம் என்றாலும் சேகரிப்பவருக்கு அவை வெவ்வேறு காசுகள்.

அண்ணனின் நோட்டில் இருப்பது தன்னிடம் இல்லாதவற்றின் பட்டியல். இன்று அவர் தேடுவது 1968-ல் வந்த தாமரைப்பூ போட்ட 20 பைசா. மஞ்சள் நிறத்தில் பித்தளைபோல மின்னிய காசு. “எங்கிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா பூ தேஞ்சு மொட்டையா போச்சு. இதழ் இதழாத் தெரியுற மாதிரி ஒண்ணு வேணும்.”

ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கதை

முதல் மேஜையில் சதுரச் செப்புக்காசுகள். சங்ககாலப் பாண்டியர் காசுகள் பெரும்பாலும் சதுரமானவை. அவற்றில் ஒருவகையில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயர் இருப்பதைக் கண்டறிந்து சொன்னவர், ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த மறைந்த இரா.கிருஷ்ணமூர்த்தி. நகத்தளவு செம்பில் ஒரு மன்னன் பெயர்!

பக்கத்திலேயே ராஜராஜ சோழனின் செப்புக்காசு. ஒருபக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. பெரிய கோயிலைக் கட்டிய மன்னனின் காசு என்றதும் விலை லட்சத்தில் இருக்கும் என்று பயந்துகொண்டே கேட்கிறார்கள். இந்தக் காசு ஏராளமாகக் கிடைத்திருப்பதால், சாதாரண சேகரிப்பாளரும் வாங்கக்கூடிய விலைதான். பழசு என்றால் விலை அதிகம் என்ற நம்பிக்கை உடைவது இந்த மேஜையில்தான்.

அடுத்த மேஜையில் சின்னக் கூட்டம். 1911-ல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயைக் காட்டுகிறார் வியாபாரி. மன்னரின் அங்கியில் இருக்கும் யானையின் தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட, பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பவே, மறுவருடமே உருவத்தைத் திருத்தினார்கள். சேகரிப்பவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘பன்றி ரூபாய்’. லென்ஸ் வைத்துப் பார்த்தவர்கள் எல்லோரும், “அட, ஆமாங்க!” என்கிறார்கள்.

குழந்தைகள் மொய்ப்பது ‘எதை எடுத்தாலும் 10 ரூபாய்’ தட்டில். அறுகோண 3 பைசா, சதுர 5 பைசா, நெளிநெளி விளிம்பு 10 பைசா, இரண்டாம் உலகப் போர் காலத்து ஓட்டைக் காலணா. கூடவே ஒரு கணக்குப் பாடமும். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. 1957 ஏப்ரல் 1-ல்தான் ரூபாய்க்கு 100 பைசா என்றானது. “அப்ப ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடியா?” என்று விரல்விட்டு எண்ணுகிறான் ஒரு பையன். சரியான விடை!

அப்பாவும் மகளும்

பதினொரு மணிக்கு, மண்டபத்துக்குள் தயங்கித் தயங்கி நுழைகிறார்கள் ஓர் அப்பாவும் மகளும். அவர் கொத்தனார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டும். கையில் ஒரு சுருக்குப் பை. எந்த மேஜைக்குப் போவது என்று தெரியாமல் நின்றவர்களை அண்ணனே கூப்பிடுகிறார்: “என்னம்மா, விக்க வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?”

அந்தப் பெண் முதலில் எடுத்துக் காட்டியது ஒரு 5 ரூபாய் காசு. 2012-ல் வந்த வைஷ்ணோ தேவி நினைவு நாணயம். “இது அஞ்சு லட்சம் போகும்னு வீடியோவுல சொன்னாங்க ஐயா. போன் பண்ணினோம். வாங்கிக்கிறோம்னு சொல்லி, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ரெண்டாயிரம் கட்டச் சொன்னாங்க. கட்டிட்டோம். இப்ப ஜி.எஸ்.டி-க்கு எட்டாயிரம் கேக்குறாங்க.”

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பக்கத்து மேஜை வியாபாரியிடம், “தம்பி, இது உங்கிட்ட எத்தனை இருக்கு?” என்று கேட்கிறார். வியாபாரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறக்கிறார். உள்ளே அதே காசு, கைப்பிடி நிறைய. முகமதிப்புக்கு மேல் சில பத்து ரூபாய் கிடைத்தால் அதிகம்.

அப்பாவின் முகம் சுருங்குகிறது.

இவர்கள் மட்டும் ஏமாந்தவர்கள் அல்ல. பழைய நாணயம், நோட்டு விற்பனை என்ற பெயரில், தங்கள் வங்கியின் பெயரையும் முத்திரையையும் பயன்படுத்தியே கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்டு மோசடி நடப்பதாக இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டில் எச்சரித்தது. இப்படியான விற்பனையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, தங்கள் சார்பில் பணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்றும் சொன்னது. வாங்குகிறவர்தானே பணம் தர வேண்டும்? விற்பவரிடம் முன்பணம் கேட்டால் அது வியாபாரமே அல்ல.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் செல்போன் அடிக்கிறது. அதே நம்பர். மகளைப் பார்க்கிறார், அண்ணனைப் பார்க்கிறார். பிறகு, “காசு எங்க வீட்டுலயே இருக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டு கட் செய்கிறார். “எட்டாயிரம் தப்பிச்சுது. போன ரெண்டாயிரத்துக்கு 1930-க்குப் போன் போட்டுப் புகார் குடுங்க” என்கிறார் அண்ணன். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது.

பாட்டியின் மூன்று ரூபாய்

சுருக்குப் பையின் அடியில் இன்னும் மூன்று காசுகள். “இதெல்லாம் எங்கம்மாவோடது. வெள்ளின்னு சொல்லும். பெருசாப் போகாதுன்னு சும்மாத்தான் கொண்டாந்தோம்” என்கிறார் அப்பா.

அண்ணனின் பை திறக்கிறது. முதலில் காந்தம். ஒரு காசு டக்கென்று ஒட்டிக்கொள்கிறது. திருப்பினால் புலி. 1947 என்ற வருடம். “இது வெள்ளி இல்லம்மா, நிக்கல். வெள்ளைக்காரன் காலத்துக் கடைசி ரூபா.” 1940-லேயே ரூபாயில் வெள்ளியின் அளவை பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1947-ல் வெள்ளியே இல்லாமல் நிக்கலில் போட்டார்கள்.

மற்ற இரண்டும் காந்தத்தில் ஒட்டவில்லை. ஒன்று விக்டோரியா, இன்னொன்று 1918-ம் வருட ஐந்தாம் ஜார்ஜ். புதிதாக இருந்தபோது ஒவ்வொன்றும் 11.66 கிராம். அதில் 91.7 சதவிகிதம் வெள்ளி. தேய்மானம் போக, தராசு கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது. அசல்தான்!

லென்ஸை அந்தப் பெண்ணிடமே கொடுக்கிறார் அண்ணன். “விக்டோரியா தலைக்கு மேல என்ன தெரியுது?” ஒரு தழும்பு. எப்போதோ கொக்கி பற்றவைத்து, கழுத்தில் போட்டிருக்கிறார்கள். “ஜார்ஜுல?” மெல்லிய கீறல்கள், நூற்றுக்கணக்கில். “பாட்டி வருஷா வருஷம் பூஜைக்கு விபூதி போட்டுத் தேய்க்கும் ஐயா. பளபளன்னு இருக்கும்.”

அந்தப் பளபளப்புதான் சேகரிப்பாளர் மத்தியில் விலையைக் குறைக்கிறது. வெள்ளியின்மேல் காலப்போக்கில் படியும் கருமையும் செம்பின் பச்சையும் அழுக்கல்ல, காசின் வயதுக்குச் சாட்சி. தேய்த்தால் மேல்பரப்பில் கீறல் விழும், போன அழகு திரும்பாது. இனி இந்த இரண்டுக்கும் வெள்ளி விலையை ஒட்டித்தான் கிடைக்கும். அதுவும் சும்மா இல்லை. வெள்ளி விற்கும் விலைக்கு, அந்தப் பெண் நினைத்ததைவிட அதிகம்.

“ஒரே மேஜையில குடுத்துடாதீங்க. மூணு இடத்துல கேளுங்க” என்று அனுப்பிவைக்கிறார். மூன்று மேஜைகளில் மூன்று விலை. விக்டோரியாவை மட்டும் விற்கிறார்கள். ஃபீஸில் ஒரு பகுதிக்குத்தான் அது ஆகும். ஜார்ஜை விற்க அப்பா தயார். மகள்தான் சம்மதிக்கவில்லை. “பாட்டி தேய்ச்சது அப்பா. இருக்கட்டும்.”

தாமரை கிடைத்ததா?

மதியம் இரண்டு மணிக்கு, கடைசி வரிசையில் ஒரு தாமரை 20 பைசா அண்ணன் கண்ணில் படுகிறது. இதழ்கள் துல்லியம். விலையும் கட்டுப்படி. லென்ஸை வைத்து ஒரு நிமிடம் பார்த்தவர், தலையாட்டிக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். யாரோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

வெறுங்கையோடு போகிறோமே என்ற வருத்தம் இல்லையா? “முப்பது வருஷத்துல நான் வாங்கினதைவிட வாங்காம வச்சதுதான் அதிகம். காசு எங்கேயும் கிடைக்கும். பாக்குற கண்ணு இங்கேதான் கிடைக்கும்.”

வாசல் டீக்கடையில் அப்பாவும் மகளும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிச் சில்லறையாக வந்த இரண்டு ரூபாயைத் திருப்பிப் பார்க்கிறாள் மகள். “அப்பா, இது ஹைதராபாத்!”

முதல்முறை நாணயக் கண்காட்சிக்குப் போகிறீர்களா?

* காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். விரல் ரேகையும் வியர்வையும் மேல்பரப்பைக் கெடுக்கும்.
* வீட்டில் இருக்கும் பழைய காசைப் புளி, விபூதி, பற்பொடி எதிலும் தேய்க்காதீர்கள்.
* ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு சேருங்கள். உதாரணமாக, தமிழகம் சார்ந்த நினைவு நாணயங்கள்: 1995-ல் 8-வது உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வந்த திருவள்ளுவர், 2003-ல் காமராஜர், 2009-ல் தமிழ்க் கையெழுத்தோடு வந்த அண்ணா, 2010-ல் தஞ்சைப் பெரிய கோயில்.
* 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது. 50 பைசா இன்றும் செல்லும். ‘செல்லாத காசு’ என்பதாலேயே விலை கூடிவிடாது.
* குழி தோண்டும்போது கிடைக்கும் காசுகளைக் கண்காட்சிக்குக் கொண்டுவராதீர்கள். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருடப் புதையல் சட்டம்.
* 100 வருடங்களுக்கு மேற்பட்ட காசு, 1972-ம் வருடச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டு நண்பருக்குப் பரிசாகக்கூட அனுப்பிவிடாதீர்கள்!