பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’

சிவகாசியில் சத்தத்துக்கு அளவு உண்டு. ஒற்றை வெடி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளிக் கருவியை வைப்பார்கள். 125 டெசிபலைத் தாண்டினால் அந்தப் பட்டாசைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது, வெடிக்கவும் கூடாது. 1999-ல் மத்திய அரசு வகுத்த விதி இது. அதே ஊரில் 18 வயதான லான்சர் ஒன்று வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டொக்’ என்கிறதே, அதை அளக்க ஒர்க்‌ஷாப்பில் எந்தக் கருவியும் கிடையாது. இருப்பது வண்டிக்காரரின் காதும் மெக்கானிக்கின் காதும்தான். இந்த இரண்டு காதுகளும் ஒரே சத்தத்தைக் கேட்பதில்லை. சிக்கலே அங்குதான்.

அந்த லான்சரும் ஒரு வகையில் நம்மூர் ஸ்போர்ட்ஸ் கார்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஃபெராரியைத் தேட வேண்டியதில்லை. 1990-களின் கடைசியில் கோவாவிலிருந்து சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கைக் கார் வந்தது. கண்ணாடி இழை உடம்பு, ரெனோ எஞ்சின். சாலையில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. தமிழ்நாட்டு இளவட்டங்கள் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையைத் தீர்த்துக்கொண்டது வேகமாக ஓடத் தெரிந்த செடான்களில். 1999-ல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியோடு சேர்ந்து 1998 முதல் லான்சர் செய்தது. 2006-ல் அதன் அடுத்த தலைமுறையான செடியா வந்தது. ராலி ஓட்டியவர்கள் விரும்பிய வண்டி அது. இன்று இவையெல்லாம் இரண்டு மூன்று கை மாறி, ஆசைப்பட்டு வாங்கியவர்களின் வீட்டு வாசலில் நிற்கின்றன. எஞ்சின் இன்னும் இழுக்கும். அடிப்பாகம்தான் பேச ஆரம்பித்திருக்கும்.

அடியில் நடப்பது இவ்வளவுதான். ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. இரும்புக் கைகள் சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைக்கின்றன. இரும்பும் இரும்பும் நேரடியாக மோதாமலிருக்க, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். வளைவில் நன்றாக ஓடுவதற்காகச் செய்த காரில் கைகள் அதிகம். கைகள் கூடினால் புஷ்களும் கூடும். செடியாவின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பல கைகள். சொகுசுக் காரில் மெத்தென்று அமுங்குகிற ஸ்பிரிங் இங்கே விறைப்பாக இருக்கும். டயரின் பக்கச் சுவரும் குட்டை. அதனால் அடி முழுவதும் புஷ்ஷுக்குத்தான் போகிறது. பழைய காரின் சத்தங்களில் பெரும்பாலானவை ரப்பர் செத்த இடத்திலிருந்து வருபவை.

விருதுநகர் மாவட்டத்து வெயிலுக்கு இதில் பங்கு உண்டு. தீப்பெட்டியையும் பட்டாசையும் இங்கே வளர்த்தது மழை குறைந்த வறண்ட காற்று. அதே காற்று பழைய கார்களின் சேஸிஸையும் காப்பாற்றுகிறது. தூத்துக்குடிக் கடற்காற்றில் துரு தின்ற வண்டியையும் சாத்தூரில் நின்ற வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் யாருக்கும் தெரியும். ஆனால் இரும்பைக் காக்கும் வெயில் ரப்பரை விடுவதில்லை. சூடு அதை இறுகச் செய்கிறது. இறுகிய ரப்பர் வெடிக்கிறது. போதாக்குறைக்குக் கீழே கரிசல் மண். மழையில் உப்பி, கோடையில் பிளந்து, மேலே போட்ட தாரையும் சேர்த்து அலை அலையாக்கும். அந்த அலைகளில் ஒரு கோடை ஓடினால் புஷ்களின் உண்மையான வயது தெரிந்துவிடும்.

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது நடக்கும் பேச்சு எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

“முன்னாடி லெஃப்ட் சைடுல சத்தம் வருதுண்ணே. ஷாக் அப்சார்பர மாத்திருவோமா?”

“அத விடுங்க அண்ணாச்சி. சத்தம் எப்ப வருது?”

“பள்ளத்துல எறங்குனா.”

“ரெண்டு வீலும் ஒண்ணா எறங்கும்போதா, ஒத்த வீலு மட்டும் எறங்கும்போதா?”

இந்தக் கேள்வியைக் கேட்கிற மெக்கானிக்கிடம் நம்பி சாவியைக் கொடுக்கலாம். அதில் பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைத்து ஸ்டெபிலைசர் பார் என்று வளைந்த கம்பி ஒன்று ஓடுகிறது. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அது முறுக்கிக்கொள்ளாமல் கூடவே எழுந்து இறங்கும். ஒற்றைச் சக்கரம் குழியில் விழுந்தால்தான் முறுக்கும். அப்போது அதன் இரு முனையிலும் உள்ள லிங்க் ராடுகள் இழுபடும். ஆகவே நேரான வேகத்தடையில் அமைதி, ஓரத்துக் குழியில் ‘டொக் டொக்’ என்றால் முதல் சந்தேகம் லிங்க் ராடின் மேல்தான். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி வைத்துவிட்டுத் தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று வந்தால் சந்தேகம் தீரும். லிங்க் ராடு மலிவான சாமான். காரணம் தெரியாமல் நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றி, சத்தத்தோடு வீடு திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

‘எப்போது’ என்ற கேள்விக்கு இன்னும் பதில்கள் உண்டு. பிரேக்கை மிதித்ததும் ஒரு ‘டொக்’, கிளம்பும்போது இன்னொரு ‘டொக்’ என்றால் சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் பின்புற புஷ் கிழிந்திருக்கலாம். பிரேக் பிடித்தால் சக்கரம் பின்னுக்கும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் முன்னுக்கும் நகர்ந்து இடிக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் லொடலொடக்கும் வண்டி, பிரேக்கை லேசாகத் தொட்டதும் வாயை மூடிக்கொண்டால் குற்றவாளி சஸ்பென்ஷனே இல்லை. காலிப்பரும் பிரேக் பேடும் ஆடுகின்றன. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் அதிர்ந்தால், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கில் கை வைத்தால் அது மாட்டிக்கொண்டு துள்ளுவது விரலிலேயே தெரியும்.

கட்டிலைப் போல ‘கிறீச்’சென்று முனகும் வண்டி வேறு ரகம். மழை பெய்த அன்று அது பேசாது. காய்ந்ததும் மறுபடி முனகும். உலர்ந்த ரப்பரின் அடையாளம் அது. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷாக அடித்து, வண்டியை அமுக்கிப் பார்த்து, எதில் அடித்தபோது சத்தம் நின்றது என்று கண்டுபிடிக்கலாம். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டிக்கு அடியில் டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து பீய்ச்சுவார்கள். பளபளவென்று இருக்கும், முனகலும் நின்றுவிடும். ஆனால் எண்ணெய் குடித்த ரப்பர் ஊறி உப்பிக் குழைந்துவிடும். துருவுக்குப் பயந்து செய்கிற காரியம், துரு அதிகம் பிடிக்காத ஊரில் ரப்பரைக் கொல்கிறது.

சத்தமே போடாத நோயும் உண்டு. ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்து தீர்ந்துவிட்டால் பெரும்பாலும் ‘டொக்’ வராது. மதுரை நான்குவழிச் சாலையில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் வண்டி தொட்டிலைப் போல ஆடிக்கொண்டே போகும். டயரைத் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும்.

சத்தத்தைத் தேடி அடியில் போகிறவரை இரும்பு ஏமாற்றும். இடது மூட்டின் அடி குறுக்குச் சட்டம் வழியாக ஓடி வலது காலடியில் கேட்கும். அதனால்தான் பழைய மேஸ்திரிகள் நீளத் திருப்புளியின் முனையை மூட்டில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, பையனை விட்டு வண்டியை ஆட்டச் சொல்வார்கள். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் வேலைதான். உள்ளங்கையை மூட்டின் மேல் வைத்தாலும் போதும். காதை ஏமாற்றும் இரும்பு கையை ஏமாற்றாது. ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லை அண்டக் கொடுத்தோ வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு கட்டாயம்.

எல்லாச் சத்தத்தையும் நாளைக்குப் பார்க்கலாம், பால் ஜாயின்ட்டைத் தவிர. சக்கரத்தைத் தாங்கும் கிண்ணமும் உருண்டையும் அது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தும், கடப்பாரையால் லோயர் ஆர்மை நெம்பியும் பார்த்தால் தேய்மானம் தெரியும். புஷ் கிழிந்தால் வண்டி முனகும். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்து வண்டி தரையில் உட்காரும்.

சக்கரம் மடிவது என்றதும் பழைய ஆட்களுக்கு நினைவு வருவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சிவகாசியில் ‘ஸ்டாண்டர்டு’ என்றால் பட்டாசு. சென்னையில் ஒரு காலத்தில் அது கார். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் அங்கே செய்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கித்தான் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. 1980 வரை தயாரானது. அம்பாசிடரையும் ஃபியட்டையும் பார்த்த கண்ணுக்குச் சாதுவாகத் தெரிந்த ஹெரால்டின் வயிற்றுக்கு அடியில் இருந்தவை ஸ்போர்ட்ஸ் காரின் கால்கள். ஆட்டோ ரிக்‌ஷாவைப் போலச் சின்ன இடத்தில் திரும்பிவிடும்.

அதன் முன்சக்கரத்தின் கீழ்மூட்டில் பால் ஜாயின்ட் கிடையாது. டிரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் மரை போட்ட இரும்புத் தண்டு திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரையில்தான் சுழல வேண்டும். அதற்குக் கேட்டது கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். பக்கத்தில் நிற்கும் எல்லா வண்டிக்கும் கிரீஸ் கன்னை வைத்து அமுக்கும் கை, இதற்கும் அமுக்கிவிட்டது. கெட்டியான கிரீஸ் மரையின் உள்வரை போகாது. தண்ணீர் போகும். துருப்பிடித்த தண்டு ஒருநாள் திரும்பும்போது ஒடிந்து சக்கரம் மடியும். உலகம் முழுக்க ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் நேர்ந்த கதை இது. தீப்பொறி பறக்கக் கூடாது என்று பட்டாசு ஆலைகள் பித்தளைக் கருவியைக் கொண்டாடுகின்றன. அதே பித்தளை இங்கே வேறு எண்ணெய் கேட்டுப் பழி சுமந்தது. ஹெரால்டில் பின்சக்கரங்களும் தனித்தனியாக ஆடும் ஏற்பாடுதான். வேகமாக வளைந்தால் சக்கரம் உள்நோக்கி மடங்கும். 1972-ல் ஹெரால்டின் இடத்துக்கு வந்த ஸ்டாண்டர்டு கேஸலில் அதைக் கைவிட்டு, எல்லா மெக்கானிக்கும் அறிந்த நேரான அச்சையே போட்டார்கள்.

புது புஷ் மாட்டுவதிலும் அந்தக் கிரீஸ் கன் தவறைப் போல ஒன்று உண்டு, இன்று வரை நடக்கிறது. புஷ்ஷின் நடுவில் இரும்புக் குழல். போல்ட்டை இறுக்கியதும் அந்தக் குழல் அசையாமல் பிடிபடும். சக்கரம் ஆடும்போது குழலைச் சுற்றியுள்ள ரப்பர்தான் முறுக்கி அவிழ வேண்டும். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையே ரப்பருக்கு இயல்பாகிவிடும். கீழே இறக்கிய நொடியிலிருந்து அது முறுக்கிய துணி. சில மாதத்தில் கிழியும். “டூப்ளிகேட் சாமான் போட்டுட்டான்” என்ற வசவு வரும். செய்ய வேண்டியது, போல்ட்டைக் கையால் மட்டும் திருகி விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு அமுக்கு அமுக்கி, எடை முழுதும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு இறுக்குவது. இதற்குப் புது லிஃப்டைவிடப் பழைய ஒர்க்‌ஷாப்பின் குழி வசதி. வண்டி தன் காலில் நிற்க, ஆள் கீழே நின்று ஸ்பேனர் போடலாம்.

சாமான் கிடைக்காத மாடலுக்கு லேத்துப் பட்டறையில் நைலான் புஷ் கடைந்து போடுவதும் உண்டு. அவசரத்துக்குக் கை கொடுக்கும், சத்தமும் நிற்கும். ஆனால் நைலான் முறுக்காது, அமுங்காது. அடி எல்லாம் சேஸிஸின் பிடிமானத்துக்குப் போகும். ராலிக்காரர்கள் போடும் பாலியூரித்தேன் புஷ்ஷும் விறைப்புதான். அதற்கென்று உள்ள சிலிகோன் கிரீஸ் தடவாவிட்டால் ரப்பரைவிட மோசமாகக் கத்தும். தினமும் வீட்டுக்கும் கடைக்கும் போய்வரும் வண்டிக்கு நல்ல கம்பெனி ரப்பர் போதும். அதற்காக மதுரைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்கலாம்.

வேலை முடிந்து, அலைன்மென்ட்டும் பார்த்த பிறகு, சோதனை ஓட்டத்துக்கு ரயில்வே கேட்டைவிடத் தோதான இடமில்லை. தண்டவாளத்தைக் குறுக்காக, ஒரு சக்கரம் முந்தி ஒரு சக்கரம் பிந்தி ஏறும்படி மெதுவாகக் கடந்தால் மிச்சமிருக்கும் எல்லாம் பேசும். பெரிய ‘டொக்’ போயிருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டிக்காரர் சிரிப்பார். பத்தடி போனதும் சிரிப்பு நிற்கும். இத்தனை நாள் பெரிய சத்தத்துக்குள் மறைந்திருந்த ஒரு ‘லொட லொட’ இப்போதுதான் காதில் விழும்.

“அண்ணே, பின்னாடி ஒண்ணு கேக்குது.”

மெக்கானிக் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கிப் போய் டிக்கியைத் திறப்பார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கட்டு அவிழ்ந்து ஜாக்கி கிடக்கும். அழுக்குத் துணியைச் சுற்றி அதை மூலையில் திணித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்காருவார்.