மூன்று பெடலும் ஒரு ரிசர்வ் குழாயும்

இடப்பக்கம்: ஃபோர்டு மாடல் டி (1908–1927)
வலப்பக்கம்: ஃபோக்ஸ்வாகன் பீட்டில் (1950-களின் வகை)

மாடல் டி-யின் கதவருகே குனிந்து தரையைப் பாருங்கள். மூன்று பெடல்கள். அவற்றில் ஆக்சிலரேட்டர் கிடையாது. அது ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பி. இடது பெடலை அழுத்தி மிதித்தால் முதல் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், காலை எடுத்தால் டாப் கியர். நடுவில் இருப்பது ரிவர்ஸ், வலது ஓரம்தான் பிரேக். இன்று லைசென்ஸ் வைத்திருப்பவர் இதில் ஏறியதும் முதலில் சுவரில்தான் மோதுவார்.

பெட்ரோல் பம்பும் இல்லை. சீட்டுக்கு அடியிலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்து இன்ஜினுக்கு வரவேண்டும். டேங்க் காலியாகும் நேரத்தில் செங்குத்தான மேடு வந்தால் வழியாது. ஆகவே வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மேடேற்றினார்கள்.

பீட்டிலில் எல்லாம் இடம் மாறியிருக்கும்: இன்ஜின் பின்னால், டிக்கி முன்னால். காற்றே இன்ஜினைக் குளிர்விப்பதால் ரேடியேட்டர் இல்லை. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1930-களில் ஹிட்லர் அரசுக்காக வடிவமைத்த கார் இது. இந்தக் காரை வாங்க அரசின் சேமிப்புத் திட்டத்தில் முத்திரை ஒட்டிப் பணம் சேர்த்த ஜெர்மானியர்களுக்கு ஒரு கார்கூடக் கிடைக்கவில்லை, போர் வந்துவிட்டது.

இதில் பெட்ரோல் முள்ளும் இல்லை. இன்ஜின் திக்கினால் ஓட்டுநர் காலடியிலுள்ள குழாயை ரிசர்வுக்குத் திருப்புவார். பழைய பைக் ஓட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மாடல் டி ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றது. அந்தச் சாதனையை பீட்டில் 1972 பிப்ரவரி 17 அன்று முறியடித்தது. கடைசி பீட்டில் 2003-இல் மெக்சிகோவின் புவெப்லாவில் தயாரானது.