ஒரே பாட்டுக்குள் பல அறைகள்... காது ஏன் குழம்புவதில்லை?

இயர்போனில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பாடகரின் குரல் காதோரம் ரகசியம் பேசும். டிரம்ஸ் பெரிய மண்டபத்திலிருந்து அதிரும். வயலின்கள் எங்கோ தூரத்தில் ஒலிக்கும். நிஜத்தில் இப்படி ஓர் இடமே கிடையாது. ஆனாலும் நமக்குக் குழப்பமே வருவதில்லை!

காரணம், மூளை. அறையில் ஒருவர் பேசினால், குரல் நேராகவும் வரும்; சுவரில் மோதியும் வரும். முதலில் வருவதை வைத்து ஒலி எங்கிருந்து வருகிறது என்று மூளை முடிவு செய்துவிடும். உடனே பின்னால் வருபவற்றைத் தனிக் குரலாக எண்ணாது. அறை பெரிதா, சிறிதா என்று அறியவே பயன்படுத்திக்கொள்ளும்.

பாத்ரூமில் பிறந்த ஐடியா

இந்தக் குணத்தைத்தான் ஒலிப்பதிவாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1947-ல் சிகாகோவில் பில் புட்னம், 'ஹார்மோனிகேட்ஸ்' குழுவின் இசையை ஸ்டூடியோ பாத்ரூமில் ஒலிக்கவிட்டு, அந்த எதிரொலியை மைக்கில் பிடித்துக் கலந்தார். ரெக்கார்டு சூப்பர் ஹிட்! 1957-ல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம், பெரிய எஃகுத் தகட்டை அதிரவைத்தே எதிரொலியை உருவாக்கியது. அறையே தேவைப்படவில்லை.

இயற்கையில் இல்லாத ஒலி

எந்தக் கட்டடத்திலும் எதிரொலி மெல்லத் தேய்ந்துதான் அடங்கும். ஆனால், பில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' (1981) பாடலின் டிரம்ஸில், எதிரொலி பெருகி எழுந்து சட்டென வெட்டுப்படும். ரசிகர்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். 80-களின் அடையாளமாகவே அது மாறிப்போனது.

அதற்காக மூளை எதற்கும் தலையாட்டும் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், மக்கள் அன்றாடம் புழங்கும் 271 இடங்களின் எதிரொலியை அளந்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இயற்கையாகத் தேயும் எதிரொலியிலிருந்து மூல ஒலியைக் கேட்பவர்கள் நன்றாகப் பிரித்தறிந்தார்கள். செயற்கையாக மாற்றியதும் தடுமாறினார்கள். பாட்டில் பிரித்தறியும் அவசியம் குறைவு. அதனால், விநோத எதிரொலியும் அழகாகிவிடுகிறது.

பேச்சில் அப்படியில்லை. செவித்திறன் குறைந்தவர்களுக்கு எதிரொலி பெரிய தொல்லை. கல்யாண மண்டபத்தில் தாத்தா, "சத்தம் கேட்குது, என்ன சொல்றேன்னுதான் புரியலை" என்றால் கத்தாதீர்கள். எதிரொலியும் சேர்ந்தே கூடும். அருகில் போய், முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். அடிக்கடி அப்படிச் சொன்னால், காது டாக்டரிடம் அழைத்துப் போங்கள்!