துடிப்பை எண்ணினால் வயது தெரியும்!

ஆகஸ்ட் மாத இரவுகளில் தெற்கு வானில் தனுசு ராசி நன்றாகத் தெரியும். கையில் பைனாகுலர் இருந்தால் அங்கே எம்25 என்ற விண்மீன் கொத்தைப் பார்க்கலாம். நம்மிடமிருந்து சுமார் 2,000 ஒளியாண்டு தொலைவு. அந்தக் கொத்தில் ‘யூ சஜிட்டாரி’ என்றொரு மஞ்சள் விண்மீன் உண்டு. அது பிரகாசமாகும், மங்கும், மறுபடி பிரகாசமாகும். ஒரு சுற்றுக்கு 6 நாள் 18 மணி நேரம். இந்த ஒரே ஓர் எண்ணை வைத்து அந்தக் கொத்துக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டுவிடலாம்!

இப்படித் துடிக்கும் விண்மீன்களுக்குச் செஃபீட் என்று பெயர். 1784-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்ற இளைஞர் டெல்டா செஃபீ விண்மீன் இப்படி மாறுவதைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 20. காது கேட்காதவர். இரவு இரவாக வெறும் கண்ணாலேயே பார்த்துக் குறித்துக்கொண்ட அவருடைய பொறுமையை என்னவென்று சொல்வது!

சரி, விண்மீன் ஏன் துடிக்கிறது? அடுப்பில் உலை கொதிக்கும்போது மூடியைப் பார்த்திருப்பீர்கள். ஆவி சேர்ந்ததும் மூடி எழும்பும், ஆவி வெளியேறியதும் விழும். செஃபீடில் மூடியாக இருப்பது ஹீலியம் அடுக்கு. அது நெருக்கப்பட்டுச் சூடாகும்போது ஒளியை வெளியே விடாமல் மறிக்கிறது. உள்ளே வெப்பம் சேர்ந்து விண்மீன் உப்புகிறது. உப்பியதும் அடுக்கு குளிர்ந்து வழிவிடுகிறது, ஒளி தப்பிக்கிறது, விண்மீன் மறுபடி சுருங்குகிறது.

உருவம் பெரிதாக இருந்தால் துடிப்பும் நிதானமாக இருக்கும். செஃபீடுகளில் எடை கூடக் கூட உருவமும் பெரிது. ஆக, துடிப்பின் காலம் எடையைச் சொல்லிவிடுகிறது. எடை தெரிந்தால் ஆயுளும் தெரியும். யூ சஜிட்டாரி நம் சூரியனைப் போல ஐந்தாறு மடங்கு எடை. எரிபொருளும் அதே அளவு அதிகம்தானே, நீண்ட நாள் வாழுமே என்று தோன்றும். ஆனால் அது சூரியனைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் ஒளியை வாரி இறைக்கிறது. ஊதாரி! சூரியனுக்கு ஆயிரம் கோடி ஆண்டு ஆயுள் என்றால், இதற்குச் சுமார் 10 கோடி ஆண்டிலேயே முதுமை வந்துவிட்டது.

ஒரு கொத்தில் உள்ள விண்மீன்கள் எல்லாம் ஒரே வாயு மேகத்தில் ஏறக்குறைய ஒன்றாகப் பிறந்தவை. அதனால் ஒன்றின் வயதுதான் எல்லாவற்றுக்கும். பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில் உள்ள என்ஜிசி 1866 என்ற கொத்தில் இருபதுக்கும் மேற்பட்ட செஃபீடுகள் உள்ளன. பெரும்பாலானவற்றின் துடிப்புக் காலம் 3 நாளை ஒட்டியே இருக்கிறது. காலம் குறைவு என்றால் எடை குறைவு. அதனால் அது எம்25-ஐ விட மூத்த கொத்து.

எம்3 போன்ற உருண்டைக் கொத்துகளில் வேறு வகைத் துடிப்பாளர்கள் உண்டு. ஆர்ஆர் லைரே வகை. அரை நாளில் ஒரு சுற்றை முடித்துவிடும். சூரியனைவிட எடை குறைந்தவை. இவை கூட்டமாக இருந்தாலே அந்தக் கொத்துக்குச் சுமார் ஆயிரம் கோடி ஆண்டோ அதற்கு மேலோ ஆகிவிட்டது என்று பொருள்.

ஒரே ஒரு சிக்கல். வேகமாகச் சுழலும் விண்மீன் தன் மையத்துக்குப் புது ஹைட்ரஜனைக் கலக்கிக் கொடுக்கும். அதனால் அது கூடுதல் காலம் வாழும், நாம் கணக்கிடும் வயதும் கூடும். ஆகவே எந்த வானியலாளராவது “இந்தக் கொத்துக்குப் பத்துக் கோடி வயது” என்று சொன்னால், “விண்மீன் எவ்வளவு வேகமாகச் சுழன்றது என்று வைத்துக்கொண்டீர்கள்?” என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.