கராஜிலிருந்து வந்த வாகனம் 'மிஸ்ஸிங்' அடித்தால் என்ன செய்வது?

எமது பகுதி வியாபாரிகளுக்கு வாகனம் என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. அது கடையின் ஒரு பகுதி. ஓட்டமாவடியிலிருந்து மட்டக்களப்புக்கும், பொலன்னறுவைக்கும், தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கும் போய்ச் சரக்கு ஏற்றி வருகின்ற ஒருவருக்கு வேன் நிற்கின்ற நாளில் வியாபாரமும் நிற்கின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாமெல்லாம் பழைய வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். இன்றும் வரியும் விலையும் இருக்கின்ற நிலையில் நம்மில் பலருக்கு அதே பழைய வாகனம்தான் கதி.

இப்படித் திருத்துகின்ற போது அடிக்கடி வருகின்ற ஒரு தலையிடி இருக்கிறது. வேலை முடித்துக் கராஜிலிருந்து எடுத்து வந்த பெற்றோல் வாகனம் மறுநாளே உதறுகிறது, இழுவை குறைகிறது, டாஷ்போர்டில் இஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் பூட்டிப் பார்த்தால் 'மிஸ்பயர்' என்று ஒரு கோட் வருகிறது. அதன் பிறகு ஆளுக்கொரு கதை. ஒருவர் பிளக் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் கொயில் செட் ஒன்றைப் பஞ்சிகாவத்தையிலிருந்து எடுத்து வரச் சொல்கிறார். மூன்றாமவர் இஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார். மூன்றுக்கும் பணம் கொடுப்பவர் நாம்தான்.

நான் மெக்கானிக் அல்ல. சரக்கு வேன் வைத்து வியாபாரம் செய்பவன். இருந்தாலும் பல வருடங்களாகக் கராஜ்களில் காத்திருந்து, பாஸ்மாரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்ட விடயத்தை வாசகர்களுக்கு ஒழுங்காகச் சொல்லி விடலாம் என்று நினைக்கின்றேன். இது பெற்றோல் வாகனங்களுக்கு மட்டுமே உரியது. டீசல் லொறிக்கும் பட்டாவுக்கும் பிளக்கும் கொயிலும் கிடையாது. அவற்றின் கணக்கு வேறு.

மிஸ்பயர் என்றால் என்ன?

ஒரு சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் சரியான அளவில் சேர வேண்டும். அதை பிஸ்டன் நன்றாக அமுக்க வேண்டும். சரியான நேரத்தில் பிளக் தீப்பொறி கொடுக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் அந்தச் சிலிண்டர் எரியாது, அல்லது அரைகுறையாக எரியும். இதைத்தான் நாம் 'மிஸ்ஸிங்' என்கிறோம்.

வாகனத்தின் கம்பியூட்டர் இதை எப்படிக் கண்டு பிடிக்கிறது? அது சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. கிராங் தண்டு சுற்றுகின்ற வேகத்தை ஒரு சென்சர் மூலம் அளக்கின்றது. நாலு சிலிண்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்ற நிலையில் ஓடும் போது ஒரு செக்கனுக்கு 26 அல்லது 27 தடவை ஏதாவதொரு சிலிண்டர் எரிகின்றது. ஒவ்வொரு முறை எரியும் போதும் கிராங் சிறு உந்துதலோடு சுற்றும். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அந்த இடத்தில் சுற்று சற்றுத் தாமதிக்கும். அந்தத் தாமதத்தை எண்ணித்தான் கம்பியூட்டர் கோட் எழுதுகின்றது. அதாவது கோட் சொல்வது "இந்தச் சிலிண்டர் சரியாக உந்தவில்லை" என்பதை மட்டுமே. "கொயில் பழுது" என்றோ "பிளக் பழுது" என்றோ அது சொல்லவில்லை. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பணம் வீணாகின்றது.

இலக்கங்களின் பொருள்

அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு முதல் விற்பனையான கார்களுக்கு 'ஓபிடி 2' என்ற பொது முறை கட்டாயமாக்கப்பட்டது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 இல் அது போன்ற முறை வந்தது. ஜப்பான் வாகனங்களிலும் ஸ்டியரிங்கிற்குக் கீழே 16 முனைகள் கொண்ட அதே சொக்கட்டைக் காணலாம். பழைய ஜப்பான் உள்நாட்டு மொடல்கள் சிலவற்றை மட்டும் சாதாரண மலிவு ஸ்கேனரால் வாசிக்க முடியாது.

பி 0301 என்றால் 1 ஆம் சிலிண்டர், பி 0302 என்றால் 2 ஆம் சிலிண்டர், இப்படியே தொடரும். பி 0300 என்றால் குறிப்பிட்ட ஒன்றில் அல்ல, மாறி மாறிப் பலவற்றில் என்று பொருள். இதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் அந்தச் சிலிண்டருக்கே உரிய பிளக், கொயில், இன்ஜெக்டர், வால்வு ஆகியவற்றில் தேட வேண்டும். பல சிலிண்டர் என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான பெற்றோல் அமுக்கம், காற்றுக் கசிவு, டைமிங், எர்த் வயர் ஆகியவற்றில் தேட வேண்டும்.

கூட வருகின்ற கோட்டையும் எழுதிக் கொள்ளுங்கள். பி 0351 முதல் 0354 வரை என்றால் கொயிலின் மின்சுற்று. பி 0201 முதல் 0204 வரை என்றால் இன்ஜெக்டரின் மின்சுற்று. பி 0171 என்றால் காற்று கூடி பெற்றோல் குறைந்திருக்கிறது. பெரும்பாலும் எங்கோ ஒரு ஹோஸ் கழன்றிருக்கும். பி 0016 என்றால் கிராங்கும் கேமும் ஒத்துப் போகவில்லை. டைமிங் செயின் வேலை செய்த பிறகு இது வந்தால் ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

கோட்டை அழிப்பதற்கு முன் இவை எல்லாவற்றையும் குறித்துக் கொள்ள வேண்டும். கோட் விழுந்த நேரத்தில் இஞ்சின் எந்தச் சுற்றில், எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் இருந்தது என்ற விபரமும் கம்பியூட்டரில் பதிவாகியிருக்கும். பெட்டரியைக் கழற்றி விளக்கை அணைத்தால் இந்தச் சாட்சியும் சேர்ந்தே அழிந்து விடும். பழுது அப்படியே இருக்கும்.

விளக்கு மினுங்கினால்

விளக்கு தொடர்ந்து எரிவது ஒன்று, மினுங்குவது வேறு. மினுங்கினால் எரியாத பெற்றோல் சைலன்ஸர் பக்கம் போய், அங்குள்ள கெட்டலிட்டிக் கொன்வேட்டரைச் சுட்டு அழிக்கின்ற அளவுக்கு மிஸ்பயர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். அதற்குள் இருப்பது பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற பீங்கான். அது உருகி அடைத்தால் சின்னப் பழுது பெரிய செலவாக மாறி விடும். ஆகவே மினுங்கினால் சுமையோடு ஓட வேண்டாம். "பொலன்னறுவைக்குப் போய் வந்து பார்ப்போம்" என்று புறப்பட வேண்டாம். ஓரமாக நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

நம் நாட்டில் வருடாந்த வாகன வரிப் பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை. பெற்றோல் வாகனத்தில் அங்கு அளக்கப்படுவதில் எரியாத ஹைட்ரோகாபனும் ஒன்று. மிஸ்ஸிங் உள்ள வாகனம் அந்த இடத்திலும் அகப்பட்டுக் கொள்ளும்.

கடைசியாகக் கை வைத்த இடம்

திருத்துவதற்கு முன் இல்லாத மிஸ்ஸிங் திருத்திய பின் வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசியாக எந்த இடத்தில் கை வைத்தார்கள்?

டப்பட் கவர் பெக்கிங் மாற்றினார்களா? அதற்குக் கொயில்களைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சொக்கட் முழுதாக ஏறாமல் இருக்கலாம், அதன் பூட்டு உடைந்திருக்கலாம், பிளக் குழிக்குள் ஒயில் தேங்கியிருக்கலாம். பிளக் மாற்றினார்களா? பீங்கான் வெடித்திருக்கலாம், பொருத்தமில்லாத பிளக்காக இருக்கலாம், இடைவெளி பிழையாக இருக்கலாம். பெயர் பெற்ற ஜப்பான் பிளக்குகளின் இலக்கத்தின் கடைசியில் 11 என்றிருந்தால் இடைவெளி 1.1 மில்லிமீற்றர் என்று அர்த்தம். இன்டேக் கழற்றினார்களா? வெக்கியூம் ஹோஸும் பெக்கிங்கும் பார்க்க வேண்டும். நின்ற நிலையில் உதறி, அக்ஸலரேட்டர் மிதித்தால் சரியாகின்ற மிஸ்ஸிங்குக்குக் காற்றுக் கசிவே பெரும்பாலும் காரணம். ஹெட் இறக்கினார்களா? வால்வு இடைவெளி, டைமிங், ஹெட் பெக்கிங் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். சேர்விஸில் இஞ்சினுக்குத் தண்ணீர் அடித்தார்களா? பிளக் குழிக்குள் தண்ணீர் நின்றாலும் இதே கோட்தான் வரும்.

வாவியும் கடலும் பக்கத்தில் உள்ள நம் பகுதியில் உப்புக் காற்றினால் சொக்கட் முனைகளில் பச்சை பிடிப்பது சாதாரணம். பல வருடம் அசையாமல் இருந்த சொக்கட்டைக் கழற்றிப் பூட்டும் போது அந்த முனை தொட்டும் தொடாமலும் நிற்கும். பாஸ் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் இது நடக்கலாம்.

மாற்றிப் பார்க்கும் சோதனை

இதற்குச் சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை. உதாரணமாக பி 0303 வருகிறது என்று வைத்துக் கொள்வோம். இஞ்சினை நிறுத்தி, 3 ஆம் சிலிண்டர் கொயிலை 1 க்கும், 1 இன் கொயிலை 3 க்கும் மாற்றிப் பூட்ட வேண்டும். வயர் சொக்கட்டுகள் தத்தம் இடத்திலேயே இருக்க வேண்டும். கோட்டை அழித்து ஓடிப் பார்க்க வேண்டும். இப்போது பி 0301 வந்தால் பழுது கொயிலோடு இடம் மாறியிருக்கிறது, கொயில்தான் பிழை. மீண்டும் பி 0303 தான் வந்தால் கொயில் குற்றவாளி அல்ல. அடுத்து பிளக்கை இதே போல் மாற்ற வேண்டும். அதன் பிறகு சொக்கட்டும் வயரும், பிறகு இன்ஜெக்டர், கடைசியாகக் கம்பிரஷன்.

ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இதில் முக்கியமானது. மூன்றையும் ஒன்றாக மாற்றி வாகனம் சரியானால் எது பிழை என்று யாருக்கும் தெரியாது. மூன்றின் விலையையும் நாம் கொடுத்திருப்போம்.

கம்பிரஷன் பார்க்கும் போது எல்லாச் சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் அதற்குள் சிறிது ஒயில் விட்டு மீண்டும் அளப்பார்கள். அளவு கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது, கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பெக்கிங். இஞ்சின் இறக்குகின்ற பேச்சு இந்தச் சோதனைக்குப் பிறகுதான் வர வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இஞ்சின் ஓடும் போதே கொயிலை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கின்ற பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஆளுக்கும் ஆபத்து, கொன்வேட்டருக்கும் கேடு. ஹைபிரிட் வாகனமென்றால் ஓரேஞ் நிற வயர்களில் அனுபவமில்லாதவர் கை வைக்கவே கூடாது.

எனது வேனில் நடந்தது

எனது நாலு சிலிண்டர் பெற்றோல் வேனில் டப்பட் கவர் பெக்கிங் ஒயில் கசிந்ததால் ஒரு கராஜில் மாற்றி எடுத்தேன். இரண்டாம் நாள் சுமை ஏற்றி வெலிகந்தை தாண்டும் போது உதறத் தொடங்கியது. கோட் பி 0303. கூட வந்த மச்சான் "அவன்ட வேலையில பிழை, போய்ச் சண்டை பிடிப்போம்" என்றார். தொலைபேசியில் கேட்ட ஒருவர் நாலு கொயிலையும் மாற்றச் சொன்னார்.

நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. கராஜுக்கே போய், "காக்கா, கொயிலை மாத்திப் பாருங்க" என்றேன். மாற்றினார். கோட் 3 ஐ விட்டு அசையவில்லை. பிளக்கை மாற்றினார். அப்போதும் 3 தான். பிறகு சொக்கட்டைக் கழற்றி லைட் அடித்துப் பார்த்தால், பூட்டு உடைந்து, உள்ளே ஒரு முனை பச்சை பிடித்துப் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. பழைய பிளாஸ்டிக் சூட்டில் காய்ந்து, கழற்றும் போது உடைந்திருக்கிறது. வேறொரு சொக்கட்டை வெட்டி ஒட்டினார். கூலி கேட்கவில்லை, சொக்கட்டின் விலையை நான் கொடுத்தேன். நாலு கொயிலும் வாங்கியிருந்தால் அந்தப் பணமும் போயிருக்கும், மிஸ்ஸிங்கும் இருந்திருக்கும். சண்டை பிடித்திருந்தால் நல்லதொரு பாஸையும் இழந்திருப்பேன்.

கணக்கு வழக்கு

வாகனம் கராஜில் இருக்கும் போது அது அமானிதமாக ஒருவர் கையில் இருக்கிறது. இரு பக்கமும் மனக்கசப்பு வராமல் இருக்கச் சில ஒழுங்குகள் வேண்டும்.

வேலைக்கு விட முன் கோட் வாசித்து எழுதி வையுங்கள். முன்பே இருந்த பழுதுக்குப் பாஸ் பொறுப்பல்ல. என்ன கழற்றினார், என்ன மாற்றினார் என்று துண்டில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு எடுங்கள். எடுக்கும் போது இஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை அவரோடு ஒரு சுற்று ஓடிப் பாருங்கள். பழுது வந்தால் முதலில் அவரிடமே போங்கள். இடையில் நாலு பேர் கை வைத்த பிறகு போனால் அவரும் பொறுப்பேற்க மாட்டார்.

பழைய வாகனம் வாங்குவோருக்கும் ஒரு சொல். விளக்கு எரியவில்லை என்பது பழுது இல்லை என்பதற்குச் சான்று அல்ல. நேற்றிரவு கோட்டை அழித்திருக்கலாம். ஸ்கேனரில் கம்பியூட்டரின் சுய பரிசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. பல பரிசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், அண்மையில் கோட் அழிக்கப்பட்டிருக்கிறது அல்லது பெட்டரி கழற்றப்பட்டிருக்கிறது. காரணத்தை விற்பவரிடம் கேளுங்கள். சில நாள் ஓடிய பின் மீண்டும் பார்த்து விட்டு முற்பணம் கொடுங்கள்.

கடையில் சரக்குக் குறைந்தால் முதலில் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறோம், பிறகுதான் ஆளைக் கேட்கிறோம். வாகனத்திலும் அதே வரிசைதான் நமக்கு இலாபம். முதலில் கோட்டை எழுதுங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள், அதன் பிறகு சாமான் வாங்குங்கள்.