கால்பந்து மேலாளரும் ரசிகர் உள்ளமும்

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் டார்பி என்றோர் ஊர் உண்டு. ரயில்களும் விமான எஞ்சின்களும் செய்யும் தொழிலாளர் நிறைந்த ஊர் அது. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவ்வூர் மக்கள் திரண்டு கூட்டம் கூட்டினர். கண்டனக் குரல் எழுப்பினர். எதிர்ப்பு இயக்கம் என்ற பெயரிலேயே ஓர் அமைப்பையும் தோற்றுவித்தனர். கூலி உயர்வு கேட்டு எழுந்த கிளர்ச்சியன்று அது. தங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் மேலாளர் பதவி விலகிவிட்டார் என்பதே அதற்குக் காரணம்.

களத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் தம் பதவியை விட்டால் ஓர் ஊர் ஏன் கலங்க வேண்டும்? அவ்வாறு கலங்கும் மக்கள் உள்ளம் சொல்லும் தீர்ப்பு எவ்வளவு தூரம் மெய்யாகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

முதலில், மேலாளர் என்பவர் யார் என்று தெரிந்துகொள்வது நலம். இங்கிலாந்தில் நெடுங்காலமாக நிலவிவந்த வழக்கப்படி, அவர் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தருபவர் மட்டும் அல்லர். எந்த ஆட்டக்காரரை வாங்குவது, எவரை விற்பது, சனிக்கிழமை ஆட்டத்தில் எந்தப் பதினொருவரை இறக்குவது, எம்முறையில் ஆடுவது ஆகிய அனைத்தையும் முடிவு செய்பவர் அவரே. வென்றால் புகழும் தோற்றால் பழியும் அவரையே சேரும்.

ரசிகருக்கும் கழகத்துக்கும் உள்ள உறவும் தனித்தன்மை உடையது. ஒரு கடையில் சரக்குச் சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறோம். கால்பந்து ரசிகர் அவ்வாறு போவதில்லை. தந்தை எந்தக் கழகத்தின் பக்கம் நின்றாரோ, அந்தக் கழகமே பெரும்பாலும் மகனுக்கும் வாய்க்கிறது. கழகம் தாழ்ந்தாலும் அவர் அதை விட்டு நீங்க மாட்டார். நீங்க மனம் வராது. அவ்வாறு விட்டு நீங்க முடியாத ஒன்றின் பொறுப்பு வேறொருவர் கையில் இருக்கிறது. அக்கை மாறும்போது அவர் கேட்கப்படுவதுமில்லை. ரசிகரின் கலக்கத்துக்கு வேர் இதுவே.

இனி டார்பியின் வரலாற்றைப் பார்ப்போம். 1967-இல் பிரையன் கிளஃப் என்பவர், தம் துணைவர் பீட்டர் டெய்லருடன் டார்பி கவுண்ட்டிக் கழகத்துக்கு வந்தார். அப்போது அக்கழகம் இரண்டாம் பிரிவில் கிடந்தது. 1969-இல் அது அப்பிரிவில் முதலிடம் பெற்று மேற்பிரிவுக்கு ஏறியது. 1971-இல் ஊரின் பெருந்தொழிலான ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் நொடித்துப்போய், அரசாங்கமே அதனை ஏற்க வேண்டிய நிலை வந்தது. அடுத்த ஆண்டே, 1972-இல், டார்பி கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக இங்கிலாந்தின் முதற் பிரிவுப் பட்டத்தை வென்றது. துன்பக் காலத்தில் ஊருக்குத் தலைநிமிர்வைத் தந்தவர் என்ற எண்ணம் கிளஃபின் பெயரோடு ஒட்டிக்கொண்டது இயல்பே.

ஆனால் கழகத்தின் தலைவர் சாம் லாங்சனுக்கும் கிளஃபுக்கும் பிணக்கு முற்றியது. தொலைக்காட்சியிலும் செய்தித்தாள்களிலும் கிளஃப் தம் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்லிவந்தார்; அதை இயக்குநர் குழு விரும்பவில்லை. 1973 அக்டோபரில் கிளஃபும் டெய்லரும் விலகல் கடிதம் கொடுத்தனர். குழு அதை ஏற்றுக்கொண்டது. ஊர் கொதித்தது. ஆட்டக்காரர்களும் தங்கள் மேலாளரைத் திரும்ப அழைக்குமாறு கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினர். குழுவோ, முன்பு அக்கழகத்தின் ஆட்டத் தலைவராக விளங்கிய டேவ் மெக்கேயைப் புதிய மேலாளராக அமர்த்தியது. தாங்கள் முன்பு போற்றிய வீரரையே இப்போது ஐயத்தோடு நோக்க வேண்டிய நிலை ரசிகர்களுக்கு நேர்ந்தது.

ஒன்பது மாதம் சென்றது. 1974 ஜூலை 12-ஆம் நாள் லிவர்ப்பூல் நகரில் வேறொரு செய்தி இடிபோல் விழுந்தது. அக்கழகத்தின் மேலாளர் பில் ஷாங்க்லி ஓய்வு பெறுவதாக அறிவித்தார். 1959 டிசம்பரில் இரண்டாம் பிரிவுக் கழகமாக அதை ஏற்று, மூன்று முறை முதற் பிரிவுப் பட்டமும் இரண்டு முறை இங்கிலாந்துச் சங்கக் கோப்பையும் பெற்றுத் தந்தவர் அவர். இங்கே பிணக்கு எதுவும் பகைமையாக வெளிப்படவில்லை. குழுவினர் அவரைத் தடுத்தும் பார்த்தனர். எனினும் ரசிகர்கள் அச்செய்தியை நம்ப மறுத்தனர். தெருவில் ஒலிவாங்கியுடன் வந்த தொலைக்காட்சி நிருபரிடம், பொய் சொல்கிறீர்கள் என்று சிறுவர்கள் வாதாடினர். டார்பியில் எழுந்தது சினம். லிவர்ப்பூலில் எழுந்தது துயரம்.

ஷாங்க்லியின் இடத்துக்கு வந்தவர் பாப் பெய்ஸ்லி. 1939-இல் ஆட்டக்காரராக அக்கழகத்தில் சேர்ந்து, பின்பு காயங்களுக்குச் சிகிச்சை செய்பவராகவும் பயிற்சியாளராகவும் அங்கேயே உழைத்துவந்தவர். பேச்சில் வல்லவர் அல்லர். பதவியைத் தயங்கித் தயங்கியே ஏற்றார். ஷாங்க்லியின் கணீரென்ற குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, இவர் அவ்விடத்தை நிரப்புவார் என்று தோன்றியிருக்க முடியாது.

அதன் பின் வந்த ஆட்ட ஆண்டின் முடிவு என்ன தெரியுமா? 1975-இல் முதற் பிரிவுப் பட்டியலில் முதலிடம் பெற்றது டார்பி. இரண்டாம் இடம் பெற்றது லிவர்ப்பூல். தாயை இழந்த பிள்ளை போலத் தவித்த ரசிகர்களைக் கொண்ட இரு கழகங்களும் நாட்டின் ஏனைய கழகங்களை எல்லாம் பின்தள்ளி நின்றன! பெய்ஸ்லியோ 1983-இல் ஓய்வு பெறுவதற்குள் ஆறு முறை முதற் பிரிவுப் பட்டத்தையும் மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையையும் வென்று, தமக்கு முன்னவரையும் கடந்து சென்றார்.

போவதற்கு அழுதவர்களின் அச்சம் பொய்த்ததைக் கண்டோம். போகவேண்டும் என்று கூவியவர்களின் கணிப்பும் பொய்த்ததுண்டு. 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் மேலாளரானவர் அலெக்ஸ் ஃபெர்குசன். மூன்று ஆண்டு சென்றும் பெரிய வெற்றி ஒன்றும் கிட்டவில்லை. 1989 டிசம்பரில் சொந்த மைதானத்தில் கிறிஸ்டல் பேலஸ் குழுவிடம் தோற்ற நாளன்று, மூன்றாண்டுச் சாக்குப்போக்குப் போதும், போய் வாருங்கள் என்ற கருத்துப்பட எழுதிய துணியை ரசிகர் ஒருவர் தூக்கிப் பிடித்தார். அடுத்த மாதம் சங்கக் கோப்பை ஆட்டத்தில் மார்க் ராபின்ஸ் என்ற இளைஞர் போட்ட ஒரே கோலால் மான்செஸ்டர் வென்றது. அன்று எதிரில் தோற்ற நாட்டிங்காம் ஃபாரஸ்ட் குழுவின் மேலாளர் வேறு யாருமல்லர். டார்பி மக்கள் கண்ணீர் விட்ட அதே கிளஃப்தான். அவ்வாண்டு மே மாதம் கோப்பையும் மான்செஸ்டருக்கே வந்தது. 2013-இல் ஓய்வு பெறும்போது ஃபெர்குசன் பதின்மூன்று லீக் பட்டங்களை வென்றிருந்தார்.

அச்சமும் சினமும் மட்டுந்தான் ஏமாற்றும் என்று எண்ணிவிடல் ஆகாது, நம்பிக்கையும் ஏமாற்றும். ஃபெர்குசன் தாமே தேர்ந்தெடுத்துத் தந்த டேவிட் மோய்ஸை, தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று எழுதிய பதாகை தொங்கவிட்டு வரவேற்றனர் மான்செஸ்டர் ரசிகர்கள். ஆறாண்டுக்கு ஒப்பந்தம் பெற்ற அவர், 2014 ஏப்ரல் 22-ஆம் நாள், ஓர் ஆண்டுகூட நிறையாத நிலையில் நீக்கப்பட்டார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், அவரை விலகச் சொல்லும் வாசகத்தைக் கட்டிய விமானம் ஒன்று மைதானத்தின் மேல் பறந்தது. அதைக் கண்டு அரங்கில் இருந்தவருள் பலர் விமானத்தையே பழித்துக் கூச்சலிட்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. ரசிகர் கூட்டம் என்பது ஒரே வாயும் ஒரே மனமும் உடையதன்று.

இக்கணிப்புகள் தவறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மேலாளர் போனாலும் அவர் செய்த வேலை போவதில்லை என்பது முதலாவது. கிளஃப் சேர்த்த ஆட்டக்காரர்கள் டார்பியில் இருந்தனர். ஷாங்க்லி அமைத்த பயிற்சி முறையும் அவரோடு உழைத்த துணைவர்களும் லிவர்ப்பூலில் இருந்தனர். நன்றாகக் கட்டிய வீடு, கொத்தனார் ஊரைவிட்டுப் போனதும் இடிந்துவிடுவதில்லை.

இரண்டாவது காரணம் மாணவர்கள் சிறப்பாகக் கருதத் தக்கது. எப்போதும் அறுபது மதிப்பெண் வாங்கும் மாணவன் ஒருவன், உடல்நலக் குறைவாலோ வினாத்தாளின் கடுமையாலோ ஒரு தேர்வில் நாற்பது வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். தந்தை பதறிப்போய்ப் புதிய ஆசிரியரை ஏற்பாடு செய்கிறார். அடுத்த தேர்வில் மீண்டும் அறுபது வருகிறது. புகழ் புதிய ஆசிரியருக்குப் போகிறது. ஆனால் அவர் வராவிட்டாலும் அறுபது வந்திருக்கக் கூடும் அன்றோ? கால்பந்திலும் மேலாளரை நீக்குவது பெரும்பாலும் தொடர்ந்து தோற்ற சமயத்திலேயே. அத்தோல்விகளில் ஒரு பங்கு, கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தாலும் முக்கிய ஆட்டக்காரரின் காயத்தாலும் நேர்ந்த கெடுவாய்ப்பு. கெடுவாய்ப்பு நீங்கியதும் குழு தன் இயல்பு நிலைக்குத் திரும்புகிறது. நெதர்லாந்து நாட்டு முதற் பிரிவு ஆட்டங்களைப் பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தபோது, அதே அளவு சரிந்தும் மேலாளரை மாற்றாத கழகங்களும் ஏறக்குறைய அவ்வாறே மீண்டெழுந்ததைக் கண்டனர்.

அப்படியானால் மேலாளர் யாராயினும் ஒன்றே என்பதா? இல்லை. கிளஃபின் பின்வரலாறே அதை மறுக்கும். 1974-இல் லீட்ஸ் யுனைடெட் கழகத்தை ஏற்ற அவர் 44 நாட்களில் வெளியேற்றப்பட்டார். 1975-இல் டார்பியின் அண்டை நகரமான நாட்டிங்காமுக்குச் சென்று, இரண்டாம் பிரிவில் இருந்த ஃபாரஸ்ட் கழகத்தை 1978-இல் நாட்டின் முதலிடத்துக்கு உயர்த்தினார். 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். அதே 1980-இல் டார்பி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1984-இல் மூன்றாம் பிரிவுக்கும் சரிந்தது. ஒரே மனிதர் ஓரிடத்தில் தோற்று, மற்றோரிடத்தில் வானளாவ வெல்கிறார். மனிதரின் திறமையோடு இடமும் துணையும் காலமும் பொருந்த வேண்டியிருக்கிறது. அப்பொருத்தத்தை முதல் நாளிலேயே எவரும் அறிந்துவிட முடியாது.

இங்கே ரசிகர் உள்ளத்தின் தன்மை நமக்குத் தெளிவாகிறது. டார்பி மக்கள் கிளஃபைப் பெரியவர் என்று மதித்தது முழு உண்மை. பின்னாளில் நாட்டிங்காம் அதற்குச் சான்று கூறியது. அவர் போனால் உடனே எல்லாம் போயிற்று என்று அவர்கள் அஞ்சியதோ உண்மையாகவில்லை. கண்ணீர், கடந்த காலத்துக்கு மக்கள் கொடுக்கும் சாட்சி. வருங்காலத்தைச் சொல்லும் சோதிடம் அன்று. அதைச் சாட்சியாகக் கொண்டால் மதிப்பு மிகுதி. சோதிடமாகக் கொண்டால் ஏமாற்றம் மிகுதி.

கணிப்புத் தவறக் கூடும் என்பதால் ரசிகரின் குரலுக்கே இடம் வேண்டாம் என்று சொல்வதும் முறையாகாது. டார்பியில் கூடிய மக்களிடம் அன்பு இருந்தது; பங்குகளும் வாக்குரிமையும் இயக்குநர்களிடம் இருந்தன. நுழைவுச் சீட்டு வாங்கிக் கழகத்தை வாழவைப்போர் ஒரு பக்கம். முடிவு செய்வோர் மறு பக்கம். ஜெர்மனி நாட்டில் இதற்கு வேறு வழி கண்டனர். 1998 முதல் அங்குக் கழகங்கள் நிறுவனங்களாக மாற இடம் தந்தபோது, சில விலக்குகள் நீங்கலாக, வாக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்று விதித்தனர். ஸ்பெயினில் பார்சிலோனாக் கழகத்தின் தலைவரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். அங்கும் மேலாளர்கள் நீக்கப்படுகிறார்கள். அங்கும் தவறுகள் நேர்கின்றன. ஆனால் தவறு நேரும்போது கேள்வி கேட்கும் உரிமை, கழகத்தை நேசிப்பவரிடம் இருக்கிறது.

கால்பந்தில் மட்டுமன்றி, பள்ளியில் தலைமையாசிரியர் மாறும்போதும், சங்கத்தில் செயலாளர் மாறும்போதும் இதே கலக்கம் நம்மிடையே எழுவதுண்டு. அவ்வேளையில் சென்றவருக்கு நன்றி சொல்வோம். ஏன் சென்றார் என்று கேட்போம். வந்தவரை முதல் தோல்வியில் பழிக்காமலும் முதல் வெற்றியில் வானுக்கு உயர்த்தாமலும் சில காலம் பொறுத்துப் பார்ப்போம். பெய்ஸ்லிக்கு லிவர்ப்பூல் மக்கள் தந்ததும், ஃபெர்குசனுக்கு மான்செஸ்டர் ரசிகர் சிலர் தர மறுத்ததும் அந்தச் சிறிது காலத்தைத்தான்.